கூலிக்காரர் பக்கம் நின்று ரூபாயைப் படித்தவர்

அண்ணல் அம்பேத்கரைச் சட்ட மேதை என்று ஊருக்கு ஊர் சிலை வைத்துப் போற்றுகிறோம். ஆனால், அவர் வெளிநாட்டில் ஆய்வு செய்து பெற்ற இரண்டு முனைவர் பட்டங்களும் பொருளாதாரத்துக்கானவை. ஒன்று அரசின் வரவு செலவு பற்றியது. மற்றொன்று ரூபாயின் மதிப்பு பற்றியது. கஜானாவின் பக்கமே நம்மவர்களை அண்டவிடாத காலத்தில் அவர் அந்தப் படிப்பை எப்படிப் படித்து முடித்தார் என்பதை இன்றைய மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

1891 ஏப்ரல் 14 அன்று மாவ் ராணுவ முகாமில், சுபேதார் ராம்ஜியின் மகனாகப் பிறந்தார் அம்பேத்கர். பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பொருளாதாரமும் அரசியலும் படித்துப் பி.ஏ. பட்டம் பெற்றார். 1913 பிப்ரவரியில் தந்தை இறந்தார். அதே ஆண்டு பரோடா மகாராஜா சாயாஜிராவ் கெய்க்வாட் அவருக்கு வெளிநாட்டுப் படிப்புக்கான உதவித்தொகை வழங்கினார். மாதம் பதினொன்றரை பவுண்டு, மூன்று ஆண்டுகளுக்கு. படித்து முடித்ததும் பரோடா அரசில் 10 ஆண்டுகள் வேலை செய்ய வேண்டும் என்பது ஒப்பந்தம்.

1913 ஜூலையில் நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே எட்வின் செலிக்மன் என்ற பேராசிரியர் இருந்தார். அரசு யாரிடம் வரி வாங்குகிறது, அதை யாருக்குச் செலவிடுகிறது என்று ஆராயும் பொது நிதிப் படிப்பில் பெயர் பெற்றவர் அவர். 1915-ல் அம்பேத்கர் எம்.ஏ. பட்டம் பெற்றார். கிழக்கிந்தியக் கம்பெனியின் நிர்வாகத்தையும் நிதியையும் பற்றி அவர் எழுதிய ஆய்வு அந்த ஆண்டைச் சேர்ந்தது. நிலவரியும் உப்புவரியும் ஏழைகளின் முதுகில் ஏறியதையும், வாங்கிய வரியில் மக்களுக்கான பணிகளுக்குச் சொற்பமே போனதையும் கணக்கோடு காட்டினார். அடுத்து, மத்திய அரசுக்கும் மாகாணங்களுக்கும் இடையே நிதி பிரிக்கப்பட்ட வரலாற்றை முனைவர் பட்டத்துக்காக ஆராய்ந்தார்.

1916-ல் லண்டன் பொருளாதாரப் பள்ளியில் சேர்ந்தார். உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917-ல் படிப்பைப் பாதியில் நிறுத்தி ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. அது முதல் உலகப் போர் நடந்த காலம். தேடித்தேடி வாங்கிய புத்தகங்களை வேறொரு கப்பலில் அனுப்பியிருந்தார். அந்தக் கப்பல் தாக்கப்பட்டு மூழ்கியது. பல ஆண்டுச் சேமிப்பு கடலோடு போனது.

ஒப்பந்தப்படி பரோடாவுக்குப் போனார். அமெரிக்காவில் படித்துவந்த அந்த அதிகாரியின் மேசைக்குக் கோப்புகள் கைக்குக் கை வரவில்லை. கடைநிலை ஊழியர்கள் தூரத்திலிருந்தே வீசினார்கள். அலுவலகத்தில் குடிக்கத் தண்ணீர் இல்லை. தங்க இடமில்லாமல் ஒரு பார்சி விடுதியில் பெயரை மறைத்துத் தங்கினார். விஷயம் தெரிந்து கம்புகளோடு ஒரு கூட்டம் வந்து வெளியேற்றியது. வேறு வீடு கிடைக்காமல், பம்பாய் ரயில் வரும்வரை ஒரு பூங்காவில் உட்கார்ந்திருந்தார்.

பம்பாயில் பிழைப்புக்காகப் பங்குச் சந்தை முதலீட்டு ஆலோசனை நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். தொழில் நன்றாகவே நடந்தது. ஆலோசனை சொல்பவரின் சாதி தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் நின்றுவிட்டார்கள். 1918 நவம்பரில் சிடன்ஹாம் வணிகக் கல்லூரியில் பொருளாதாரப் பேராசிரியர் ஆனார். அவர் பாடத்தைக் கேட்க வேறு கல்லூரி மாணவர்களும் வந்தார்கள். ஆனால், ஆசிரியர் அறையில் இருந்த பொதுப் பானையில் அவர் தண்ணீர் எடுப்பதற்குச் சக பேராசிரியர்கள் சிலர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள்.

விட்ட படிப்பை முடிக்கச் சம்பளத்தில் மிச்சம் பிடித்தார். கோலாப்பூர் மன்னர் சாகு மகாராஜா உதவினார். நண்பர் நவல் பத்தேனா 5,000 ரூபாய் கடன் கொடுத்தார். 1920-ல் மீண்டும் லண்டன் சென்றார். காலையில் ரொட்டித் துண்டைத் தின்றுவிட்டு அருங்காட்சியக நூலகத்துக்குப் போவார். மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு, பூட்டும் நேரம்வரை படிப்பார். 1921-ல் எம்.எஸ்சி. பட்டம் கிடைத்தது. 1922 அக்டோபரில் ரூபாயின் சிக்கல் பற்றிய ஆய்வேட்டை டி.எஸ்சி. பட்டத்துக்கு அளித்தார். ஆங்கிலேய அரசின் நாணயக் கொள்கையைக் கடுமையாக விமர்சித்த அந்த ஆய்வு தேர்வாளர்களை உறுத்தியது. திருத்தி எழுதும்படி சொன்னார்கள். கையில் பணமில்லாமல் 1923-ல் பம்பாய் திரும்பியவர், இங்கிருந்தே திருத்தி அனுப்பினார். முடிவுகளை மட்டும் மாற்றவில்லை. அந்த ஆண்டே பட்டம் கிடைத்தது.

கொலம்பியா பட்டத்துக்கு இன்னும் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆய்வேட்டை அச்சிட்டு ஒப்படைத்தால்தான் பட்டம் என்பது அங்கே விதி. 1925-ல் அது நூலாக வந்தது. உதவித்தொகை தந்த பரோடா மகாராஜாவுக்கு நன்றியோடு காணிக்கையாக்கினார். செலிக்மன் முன்னுரை எழுதினார். 1927-ல் முனைவர் பட்டம் வந்து சேர்ந்தது. அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறி 14 ஆண்டுகள் கழிந்திருந்தன.

இத்தனை பாடுபட்டுப் படித்த ரூபாயில் அவர் கண்டது என்ன? நாட்டில் பணம் அளவுக்கு மீறிப் பெருகினால் ரூபாயின் மதிப்பு இறங்குகிறது. அரிசி, துணி, எண்ணெய் எல்லாம் விலை ஏறுகின்றன. கூலி மட்டும் உடனே ஏறுவதில்லை. பழைய கூலியைக் கொடுத்துவிட்டுப் புதிய விலைக்கு விற்பவருக்கு லாபம். பழைய கூலியை வாங்கிப் புதிய விலைக்கு அரிசி வாங்குபவருக்கு நட்டம். ரூபாயின் மதிப்பு இறங்கினால் நாட்டுக்கே லாபம் என்று வணிகர்கள் பேசியபோது, அந்த லாபம் யார் வயிற்றிலிருந்து எடுக்கப்பட்டது என்று கணக்குப் பார்த்தார் அவர். பணத்தை வெளியிடுவதை அரசின் விருப்பத்துக்கு விடாமல் எல்லை கட்ட வேண்டும் என்பது அவர் வாதம். அன்றைய புகழ்பெற்ற பொருளாதார அறிஞர் கெய்ன்ஸ் ஆதரித்த முறையையும் துணிந்து மறுத்தார்.

1925-ல் இந்திய நாணயம், நிதி பற்றி விசாரிக்க ஹில்டன் யங் தலைமையில் அமைந்த ஆணையத்தின் முன் சாட்சியம் அளித்தார். அந்த ஆணையம் மைய வங்கி ஒன்று வேண்டும் என்று பரிந்துரைத்தது. ரிசர்வ் வங்கி 1935 ஏப்ரல் 1 அன்று செயல்படத் தொடங்கியது. பின்னாளில் அரசமைப்புச் சட்ட வரைவுக் குழுவின் தலைவரானபோது, இளமையில் ஆராய்ந்த கேள்வி மீண்டும் அவர் முன் வந்தது. மத்திய அரசும் மாநிலங்களும் வரியைப் பங்கிட, 280-வது பிரிவு நிதி ஆணையத்தை ஏற்படுத்தியது. அரசின் செலவுகளைச் சரிபார்க்கும் தலைமைத் தணிக்கை அதிகாரி, நீதிபதிகளைப் போலச் சுதந்திரமாக இருக்க வேண்டும் என்றும் அவர் அவையில் வாதிட்டார்.

உதவித்தொகை நின்றால் படிப்பு நிற்கும் என்பதை அனுபவித்து அறிந்தவர் அவர். வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்தபோது நம் மாணவர்களுக்காக வாதாடினார். பட்டியல் சாதி மாணவர்களுக்கான மேற்படிப்பு உதவித்தொகைத் திட்டம் 1944-ல் தொடங்கியது. இன்றும் கல்லூரியில் அந்தப் படிவத்தைத்தான் நிரப்புகிறோம்.

பி.காம். முடித்துவிட்டு, எம்.பி.ஏ. நிதிப் படிப்பு நமக்கு ஒத்துவருமா என்று தயங்கும் தம்பி, தங்கைகளே, வரவு செலவுப் புத்தகம் யாருக்கும் பட்டா போட்டுக் கொடுத்த நிலமல்ல. உதவித்தொகையைக் கேட்டு வாங்குங்கள், சேருங்கள், படியுங்கள். படித்தபின் கிராம சபையில் ஊராட்சிக் கணக்கை வாசிக்கும்போது எழுந்து நின்று, நம் தெருவுக்கு வந்த பணம் எவ்வளவு, செலவானது எவ்வளவு என்று கேளுங்கள். அண்ணல் லண்டன் நூலகத்தில் பசியோடு உட்கார்ந்து படித்த பாடம் அதுதான்.