ஊசி போட்ட ஹாஃப்கின்

2021-ல் கொரோனா தடுப்பூசி போட ஆள் வந்தப்ப, எங்க தெருவில் பாதி வீட்டில் கதவைச் சாத்திக்கிட்டாங்க. ஊசி போட்டா ஆள் போயிடுவாங்கன்னு ஒரே பேச்சு. நண்பர்களே, இந்தப் பயம் நேற்று வந்ததல்ல. நூறு வருஷத்துக்கு முன்பே இதில் மாட்டிக்கொண்டு வேலையையே இழந்த ஒரு விஞ்ஞானி உண்டு. பெயர் வால்டெமர் ஹாஃப்கின்.

1860-ல் கருங்கடல் ஓரத்து ஒடெஸ்ஸாவில் யூதக் குடும்பத்தில் பிறந்தார். பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் முதலில் கிடைத்தது நூலக உதவியாளர் வேலைதான்! அங்கேயே ஆராய்ச்சி செய்து காலரா தடுப்பூசி கண்டுபிடித்து, 1892-ல் முதலில் தன் உடம்பிலேயே போட்டுக்கொண்டார். மறு வருஷம் இந்தியா வந்தார்.

1896-ல் பம்பாயில் பிளேக் பரவியது. கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஒரு சின்ன அறையில் வேலை ஆரம்பம். இறைச்சிச் சாற்றில் நெய்த்துளி மிதக்கவிட்டு, அதில் கிருமியை வளர்த்து, பிறகு சூடாக்கிக் கொன்றார். செத்த கிருமியால் நோய் வராது. ஆனால் உடம்பு அதை அடையாளம் கண்டு எதிர்ப்புச் சக்தியைத் தயார் செய்துகொள்ளும். 1897 ஜனவரி 10 அன்று, மற்றவர்களுக்குப் போடும் அளவைவிட அதிகமாகத் தனக்கே போட்டுக்கொண்டார். கடும் காய்ச்சல். சில நாளில் சரியானது.

அதே மாதம் பைகுல்லா சிறையில் நோய் புகுந்தது. விரும்பிய கைதிகளுக்குப் போட்டார். போடாதவர்கள் கொஞ்சம் கூடுதல். அவர்களில் 12 பேருக்கு நோய், 6 பேர் சாவு. போட்டவர்களில் 2 பேருக்கு நோய், சாவு இல்லை. போட்டவருக்கும் 2 பேருக்கு வந்ததே என்று கேட்கலாம். ஃப்ளூ ஊசி, கொரோனா ஊசியும் இப்படித்தான். போட்டவருக்கும் வரலாம், ஆனால் உயிருக்கு ஆபத்து வெகுவாகக் குறையும்.

1902 அக்டோபர் 30. பஞ்சாபில் மல்கோவால் கிராமத்தில் 107 பேருக்கு ஊசி போட்டார்கள். அதில் 19 பேர் டெட்டனஸ் வந்து இறந்தார்கள். சின்ன விஷயமா அது? பழி ஹாஃப்கின் தலையில் விழுந்தது. பதவி போனது.

நம்ம ஒர்க்‌ஷாப்பில் ஜாப் கெட்டால் மெட்டீரியலா, டூலா, கையா என்று பார்ப்போமே, அதை அன்று சரியாகப் பார்க்கவில்லை. இறந்த 19 பேருக்கும் போட்டது ஒரே பாட்டில் மருந்து. அன்று திறந்த மற்ற பாட்டில்களால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்த பாட்டிலைத் திறந்த உதவியாளரின் இடுக்கி மண்ணில் விழுந்திருக்கிறது. அதைச் சரியாகச் சுத்தம் செய்யாமலே அடைப்பானை எடுத்துவிட்டார். டெட்டனஸ் கிருமி மண்ணில் இருப்பது. மலேரியா ஆராய்ச்சியில் நோபல் பரிசு பெற்ற ரொனால்ட் ராஸ் முதலானோர் பத்திரிகையில் எழுதி வாதாடிய பிறகுதான், 1907-ல் அவர்மேல் இருந்த பழி நீங்கியது. ஐந்து வருஷம்!

திரும்பி கல்கத்தாவில் வேலை பார்த்தார். ஆனால் பழைய பொறுப்பு கிடைக்கவில்லை. 1925-ல் பம்பாய் பரேலில் இருந்த ஆய்வுக்கூடத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். அப்போது அவர் ஐரோப்பாவில் இருந்தார். 1930-ல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் காலமானார்.