சந்தேகம் யார் மீது விழுகிறது?

திண்டுக்கல் சமவெளியில் வாழ்வோருக்குக் கொடைக்கானல் என்பது மலைப்பூண்டும் காய்கறியும் இறங்கி வரும் மலை. திகில் படங்களிலோ அது பாழடைந்த பங்களா நிற்கும் மலை. நகரத்திலிருந்து கல்லூரி மாணவர்கள் சிலர் காரில் வருவார்கள். அவர்களில் ஒருவன் குடிப்பவன், ஒருவன் கோமாளி, ஒருத்தி நாகரிக மோகம் கொண்டவள், ஒருத்தி அடக்கமானவள். யார் முதலில் சாவார், யார் பிழைப்பார் என்பது இடைவேளைக்கு முன்பே தெரிந்துவிடும். உள்ளூர் மக்களுக்கு அங்கே இரண்டே வேடங்கள்: எச்சரிக்கும் காவலாளி, உடுக்கை அடிக்கும் பூசாரி.

இந்த வார்ப்பு நம்முடையது மட்டுமன்று. 1978இல் வெளிவந்த 'ஹாலோவீன்', 1980இல் வந்த 'ஃபிரைடே தி தேர்ட்டீன்த்' ஆகிய அமெரிக்கப் படங்கள் பதின்பருவத்தினரை ஒழுக்கத் தராசில் நிறுத்திப் பலியிடும் பழக்கத்தை உலகெங்கும் பரப்பின. ஆனால், அதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே, மனிதரை வகை பிரித்துச் சந்தேகிக்கும் வழக்கத்தைத் தமிழில் ஒருவர் கேள்விக்கு உள்ளாக்கினார். அவர் வீணைக் கலைஞராகவே பெரிதும் நினைக்கப்படும் எஸ். பாலசந்தர்.

1927 ஜனவரி 18ஆம் நாள் சென்னையில் பிறந்தவர் பாலசந்தர். தந்தை சுந்தரம் ஐயர் கலை ஈடுபாடு மிக்கவர். அண்ணன் எஸ். ராஜம் பின்னாளில் ஓவியராகவும் இசைக் கலைஞராகவும் புகழ்பெற்றார். 1934இல் வெளியான 'சீதா கல்யாணம்' படத்தில் ராஜம் ராமனாகவும், சகோதரி ஜெயலட்சுமி சீதையாகவும் நடிக்க, சிறுவன் பாலசந்தர் இராவணன் அவையில் கஞ்சிரா வாசித்தார். பள்ளிப் பாடத்தைவிட இசைக்கருவிகளே அவரை ஈர்த்தன. எந்தக் குருவிடமும் முறையாகப் பயிலாமல், தம் காதையே ஆசானாகக் கொண்டு வீணையைக் கற்றார்.

இருபதுகளின் தொடக்கத்திலேயே நடிகர், இசையமைப்பாளர், இயக்குநர் எனப் பல பொறுப்புகளை ஏற்றார். 1948இல் 'இது நிஜமா' படத்தில் நடித்தார். அதே ஆண்டில் 'என் கணவர்' படத்தை இயக்கினார். எனினும், அவர் பெயரைத் திரை வரலாற்றில் நிலைநிறுத்தியது 1954 ஏப்ரல் 13 அன்று வெளியான 'அந்த நாள்'. பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டை இல்லை. அக்காலத்தில் ஏவி.எம். போன்ற பெரிய நிறுவனம் அத்தகைய சோதனைக்கு இசைந்ததே வியப்புக்குரியது. கதாநாயகனாக முதலில் நடித்த கல்கத்தா பேராசிரியர் விஸ்வநாதன் மாற்றப்பட்டு, சிவாஜி கணேசன் வந்தார். திரைக்கதையில் துணை நின்ற ஜாவர் சீதாராமன், துப்பறியும் அதிகாரியாகவும் நடித்தார்.

1943 அக்டோபரில் ஜப்பானிய விமானம் சென்னையில் குண்டு வீசிய நாளை ஒட்டிய கதை அது. வானொலிப் பொறியாளர் ராஜன் சுட்டுக் கொல்லப்படுகிறான். விசாரணையில் ஒவ்வொருவரும் இன்னொருவரைச் சுட்டுகின்றனர். நடனக்காரி என்பதாலேயே ஒருத்தி மீது ஐயம். சொத்துத் தகராறு என்பதால் உடன்பிறந்தவன் மீது ஐயம். பார்வையாளரின் மனத்திலும் இவ்வார்ப்புகள் இருக்கின்றன என்பதை இயக்குநர் அறிந்திருந்தார். அவற்றை எழுப்பிவிட்டு ஒவ்வொன்றாகக் கலைத்தார். இறுதியில் தெரியவருவது, கொலையுண்டவன் எதிரி நாட்டின் உளவாளி. அவனது முடிவுக்குக் காரணம் நாட்டுப்பற்று மிக்க அவன் மனைவி உஷா. படித்த இளைஞன் என்றால் நல்லவன், கண்ணீர் சிந்தும் மனைவி என்றால் அபலை என்ற இரண்டு நம்பிக்கைகளும் ஒருசேர உடைந்தன. ராஜனையும் அவர் வெறும் கொடியவனாக விடவில்லை. தன் கண்டுபிடிப்பை நாடு மதிக்கவில்லை என்ற ஏமாற்றம் ஓர் இளைஞனை எங்கே கொண்டுசெல்லும் என்பதையும் காட்டினார்.

படம் வசூலில் தோற்றது. பாலசந்தர் வழி மாறவில்லை. 1964இல் வந்த 'பொம்மை'யில், வெடிகுண்டு மறைத்த ஒரு பொம்மை நகரில் கை மாறிக்கொண்டே செல்கிறது. ஆபத்துக்கு ஏழை, செல்வர் என்ற பேதம் இல்லை என்பதே அதன் அச்சம்.

1970இல் வெளியான 'நடு இரவில்' அகதா கிறிஸ்டியின் புதினத்தைத் தழுவியது. தனித்த மாளிகை, செல்வரைத் தேடி வந்து கூடும் உறவினர்கள், அடுத்தடுத்து விழும் பிணங்கள். பிற்காலத் திகில் படங்கள் பலவற்றின் அமைப்பு இதிலேயே இருக்கிறது. ஆனால், மனநலம் குன்றிய பெண்ணை அச்சத்தின் கருவியாக்கும் பழக்கத்திலிருந்து இப்படம் முழுதும் விடுபடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வார்ப்புகளை உடைத்தவரும் ஒரு வார்ப்பின் மீது சாய்ந்தார். பழக்கத்தின் பிடி அவ்வளவு வலியது.

அதன்பின் அவர் படம் இயக்கவில்லை, வீணையே வாழ்வானது. 1982இல் பத்மபூஷண் பெற்றார். கர்நாடக இசை வரலாறு குறித்துப் பெரியவர்களோடு மோதவும் தயங்கவில்லை. 1990 ஏப்ரல் 13 அன்று, கச்சேரிப் பயணத்தின்போது பிலாய் நகரில் காலமானார்.

அவர் மறைந்த பிறகு தமிழில் திகில் படங்கள் பெருகின. 2005இல் 'சந்திரமுகி' மனநோயைப் பேயின் சாயலில் காட்டிப் பெருவெற்றி பெற்றது. 2011இல் 'காஞ்சனா', திருநங்கை ஒருவரின் துயரத்தைப் பரிவோடு சொன்னது. எனினும் அவர் ஆவியான பின்னரே நீதி கிடைத்தது. பழங்குடியினர் என்றால் மாந்திரீகம், மாற்றுத்திறனாளி என்றால் மர்மம், விடுதி மாணவி என்றால் பலி என்ற கணக்கு இன்னும் தொடர்கிறது.

இதைக் கற்பனைதானே என்று ஒதுக்கிவிட இயலாது. திரையரங்கின் இருளில் யாரைக் கண்டு அஞ்சப் பழகுகிறோமோ, அவரையே தெருவின் வெளிச்சத்திலும் ஐயத்தோடு பார்க்கிறோம். ஊருக்குள் ஒரு பொருள் காணாமற்போனால் எந்தத் தெருவை நோக்கி முதலில் விரல் நீள்கிறது? மனநல மருத்துவமனைக்குச் செல்லக் குடும்பங்கள் ஏன் கூசுகின்றன? தலைமுடியை நீளமாக வளர்த்த பதினேழு வயதுப் பையனை ஏன் விசாரிக்காமலே தீர்ப்பிடுகிறோம்? திரையும் தெருவும் ஒன்றிடம் ஒன்று கடன் வாங்குகின்றன.

எழுபது ஆண்டுகளுக்கு முன் இருபத்தேழு வயது இளைஞர் ஒருவர், தோற்றத்தைக் கொண்டு குற்றவாளியைத் தேடாதீர்கள் என்பதை ஒரு கொலைக் கதையாகச் சொன்னார். அச்சமூட்டுவது தவறன்று, அது பழமையான கலை. யாரைக் காட்டி அச்சமூட்டுகிறோம் என்பதை இன்றைய இயக்குநர்கள் ஒவ்வொரு முறையும் தமக்குள் கேட்டுக்கொண்டால் போதும். அவர்கள் கேட்க மறந்தால், கட்டணம் செலுத்திப் பார்க்கும் நாம் கேட்க வேண்டும்.