சான்று கேட்ட செய்தியாளர்

ஆய்வுக்கூடத்தில் நாம் அன்றாடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: சான்று எங்கே? நாடே அஞ்சியிருந்த நேரத்தில் அதே கேள்வியைத் தொலைக்காட்சியில் கேட்டவர் அமெரிக்கச் செய்தியாளர் எட்வர்டு மரோ.

1908இல் வடகரோலினாவில் ஓர் ஏழை உழவர் குடும்பத்தில் அவர் பிறந்தார். மரம் வெட்டும் முகாம்களில் கூலி வேலை செய்து, 1930இல் பட்டம் பெற்றார். 1935இல் சி.பி.எஸ். நிறுவனத்தில் சேர்ந்தார். 1940இல் லண்டன் மீது ஜெர்மானியக் குண்டுகள் விழுந்தபோது, மாடிகளில் நின்று வானொலியில் பேசினார். அமெரிக்கர் போரைத் தம் வீட்டிலிருந்தே கேட்டனர்.

1951இல் பிரெட் பிரெண்ட்லியுடன் சேர்ந்து ‘சீ இட் நவ்’ என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியைத் தொடங்கினார். அப்போது செனட் உறுப்பினர் ஜோசப் மெக்கார்த்தி, சான்றின்றிப் பலரைக் கம்யூனிஸ்டுகள் என்று குற்றஞ்சாட்டி வந்தார். அந்த அச்சம் எங்கும் பரவியிருந்தது. தந்தையும் சகோதரியும் இடதுசாரிச் சார்புடையோர் என்று கூறி, மைலோ ரடுலோவிச் என்ற விமானப்படை அதிகாரியை நீக்க முயன்றனர். சான்றுகளோ மூடிய உறைக்குள் இருந்தன! 1953 அக்டோபரில் மரோ இதை நாட்டுக்குக் காட்டினார். அடுத்த மாதமே அந்த அதிகாரி மீண்டும் ஏற்கப்பட்டார்.

1954 மார்ச் 9ஆம் நாள் மரோ மெக்கார்த்தியையே எடுத்துக்கொண்டார். நிறுவனம் விளம்பரம் செய்ய மறுத்ததால், மரோவும் பிரெண்ட்லியும் சொந்தப் பணத்தில் நாளிதழில் விளம்பரம் கொடுத்தனர். அந்த அரைமணி நேர நிகழ்ச்சியின் பெரும்பகுதி மெக்கார்த்தியின் சொந்தப் பேச்சுகள் அடங்கிய படங்களே. அவர் கூற்றுகளை உண்மைகளோடு ஒப்பிட்டுக் காட்டினார் மரோ. பதில் சொல்ல மெக்கார்த்திக்கும் நேரம் தரப்பட்டது. ஏப்ரல் 6இல் பேசிய அவர், மரோவை வசைபாடினார். அவரது வீழ்ச்சிக்கு இராணுவ விசாரணைகளும் பிற இதழாளர்களும் காரணமாயினர் எனினும், மரோவின் பங்கு பெரிது. அவ்வாண்டு டிசம்பரில் செனட் சபை மெக்கார்த்தியைக் கண்டித்தது.

உண்மைக்கு விலையும் இருந்தது. 1955இல் விளம்பர நிறுவனம் விலகியது. 1958இல் நிகழ்ச்சியே நின்றது. ஆயினும் 1960 நவம்பரில், ஊர் ஊராக அலைந்து அறுவடை செய்யும் கூலித் தொழிலாளரின் துயரை ‘ஹார்வெஸ்ட் ஆஃப் ஷேம்’ படத்தில் காட்டினார். கூலி வேலையின் வலி தெரிந்த வீட்டிலிருந்து வந்த எனக்கு, அவர் பணிகளில் இதுவே மிக நெருக்கமானது.

அவரும் குறையற்றவர் அல்லர். 1961இல் அரசின் செய்தி நிறுவனத் தலைவரானதும், அதே படத்தை பி.பி.சி. ஒளிபரப்பாமல் தடுக்க முயன்றார். கேள்வி கேட்டவரும் பதவியில் அமர்ந்தால் தடுமாறக்கூடும்! சிகரெட்டை விடாத அவர், 1965இல் நுரையீரல் புற்றுநோயால் 57ஆம் வயதில் மறைந்தார்.

அவரது துணிவைப் பலர் போற்றுவர். நான் போற்றுவது அவரது முறையை. குற்றஞ்சாட்டுபவர் சான்று தரவேண்டும். சாட்டப்பட்டவர் பதில் சொல்ல இடம் பெறவேண்டும். நண்பர்களே, விடுதியில் ஒருவரைப் பற்றிப் புறம்பேசும் முன்னரும் இவ்விரண்டையும் நாம் கேட்கலாம் அல்லவா?