தையல் பையனுக்குக் கணக்குச் சொன்ன மேதை

ஓர் ஊரில் ஏழு பாலங்கள். ஒவ்வொன்றையும் ஒரே ஒரு தடவை கடந்து ஊரைச் சுற்றி வர முடியுமா?

பிரஷ்யாவில் இருந்த கோனிக்ஸ்பெர்க் நகர மக்களுக்கு இது பெரிய புதிராக இருந்தது. (இன்று அந்த ஊர் ரஷ்யாவில் இருக்கிறது. பெயர் காலினின்கிராடு.) ஆறு ஊரை நான்கு துண்டாகப் பிரித்தது. யாராலும் அப்படி நடக்க முடியவில்லை. ஏன் முடியவில்லை என்றும் தெரியவில்லை.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் லியோனார்டு ஆய்லர்.

பாதிரியார் மகன்

1707-ம் ஆண்டு சுவிட்சர்லாந்தில் பாசல் நகரில் பிறந்தார். மகனும் தம்மைப் போலப் பாதிரியாராக வேண்டும் என்று தந்தை விரும்பினார். பேராசிரியர் யோகான் பெர்னூலி பையனின் கணக்குத் திறமையைக் கண்டு, தந்தையின் மனதை மாற்றினார். 1727-ல் ஆய்லர் ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க் நகருக்குப் போனார். அங்குள்ள விஞ்ஞானக் கழகத்தில் சேர்ந்தார்.

நான்கே எழுத்து

1735-ல் பாலப் புதிரை எடுத்தார். வீதி, வீடு, ஆற்றின் வளைவு எல்லாவற்றையும் ஒதுக்கினார். நான்கு நிலத்துக்கும் நான்கு எழுத்து வைத்தார். எதற்கும் எதற்கும் இடையே பாலம் என்று மட்டும் பார்த்தார்.

ஒரு பாலத்தில் நுழைந்தால் வேறு பாலத்தில் வெளியேற வேண்டும். ஆகவே நடை தொடங்கும் இடமும் முடியும் இடமும் தவிர, மற்ற இடங்களில் பாலங்கள் இரட்டைப் படையாக இருக்க வேண்டும். இங்கோ ஒரு நிலத்துக்கு ஐந்து பாலம். மற்ற மூன்றுக்கும் மும்மூன்று. நான்கும் ஒற்றைப் படை! அந்த நடை நடக்காது என்று முடிவாயிற்று.

பார்வை போயிற்று

1738 வாக்கில் வலக்கண் பார்வை போயிற்று. 1741 முதல் 25 ஆண்டு பெர்லினில் இருந்துவிட்டு, 1766-ல் ரஷ்யா திரும்பினார். பிறகு இடக்கண்ணும் மங்கியது. ஆய்லர் சோர்ந்து உட்காரவில்லை.

இயற்கணித நூல் ஒன்றை அவர் வாயால் சொன்னார். தையல் தொழில் பழகிய ஒரு வேலைக்காரப் பையன் எழுதினான். அவன் கணிதம் படித்தவன் அல்ல. ஆனால் எழுதி எழுதியே பாடம் புரிந்தது. கடினமான கணக்குகளையும் தானே போடத் தொடங்கினான்! அந்த நூல் 1770-ல் ஜெர்மன் மொழியில் வெளிவந்தது.

1783-ல், 76-ம் வயதில் ஆய்லர் காலமானார்.

இன்றைய கம்ப்யூட்டரில்

யாருக்கு யார் உறவு, எந்த ஊருக்கு எது வழி என்ற தொடர்புகளைப் புள்ளியும் கோடுமாகச் சேர்த்து வைக்கும் தகவல் களஞ்சியங்கள் இன்று கம்ப்யூட்டரில் இருக்கின்றன. பாலப் புதிரில் பிறந்த கணிதமே அவற்றுக்கு வேர். அவற்றிடம் கேள்வி கேட்கத் தனி மொழி வேண்டும். 2011-ல் வந்த சைஃபர் மொழியில், அடைப்புக்குறி போட்டால் புள்ளி. அம்புக்குறி போட்டால் தொடர்பு. படம் வரைவது போலக் கேட்கலாம். 2024-ல் ஜி.க்யூ.எல். என்ற பொது மொழிக்கு உலகத் தர அமைப்பு ஒப்புதல் தந்தது.

செய்தவருக்கு மட்டும் புரிந்தால் அந்த மொழியால் என்ன பயன்? புதிதாக வேலைக்கு வந்த பையனுக்கும் புரிய வேண்டும். ஆய்லரின் பாடம் அந்தச் சோதனையில் அன்றே தேறிவிட்டது.