வெள்ளைக்காரர் சங்கத்தில் சேர்ந்த ஆற்காடு இளவரசர்! கடைசியில் அரண்மனை வாசலில் பட்டாளம்!

கடலூர் தேவனாம்பட்டினத்தில் கெடிலம் ஆற்றோரம் இடிந்து கிடக்கிறதே, புனித டேவிட் கோட்டை, அங்கேதான் ராபர்ட் கிளைவ் பேனாவைப் போட்டுவிட்டு துப்பாக்கியைத் தூக்கினார்.

1751-ல் திருச்சியில் எதிரிகளிடம் சிக்கித் தவித்த முகமது அலியைக் காப்பாற்ற, அந்தக் கிளைவ் ஆற்காட்டுக் கோட்டையைப் பிடித்தார். முகமது அலிக்கு நவாப் பட்டம் நிலைத்தது.

சரியாக ஐம்பது வருஷம் கழித்து அதே குடும்பத்தின் நாட்டைப் பறித்த கவர்னர் யார் தெரியுமா? அதே கிளைவின் மகன் எட்வர்டு கிளைவ்!

இந்த இரண்டு கிளைவுகளுக்கும் நடுவில் வாழ்ந்து முடிந்தவர் உம்தத்-உல்-உமரா. முகமது அலியின் மூத்த மகன். 1748-ல் பிறந்தவர். வெள்ளைக்காரர்களின் பிரீமேசன் சங்கத்தில் சேர்ந்த முதல் இந்தியர் இவர்தான் என்று அந்தச் சங்கத்தாரின் வரலாறே சொல்கிறது.

என்ன சங்கம் இது?

லண்டனில் 1717-ல் தலைமைச் சபை அமைத்த சங்கம் இது. கொத்தனார்களின் மூலைமட்டமும் கவராயமும்தான் அடையாளம். இடுப்பில் ஆட்டுத்தோல் ஏப்ரன். சென்னைப் பட்டணத்துக்கு 1752-லேயே வந்துவிட்டது.

கூட்டம் மூடிய கதவுக்குள் நடக்கும். வெளியே இருப்பவர்களுக்கு உள்ளே என்ன ஏது என்று தெரியாது. வடநாட்டில் இந்தக் கட்டிடங்களுக்கு ஜனங்கள் வைத்த பெயர் ஜாதுகர், அதாவது மந்திர வீடு!

சும்மா போய் சந்தா கட்டி சேர்ந்துவிட முடியாது. உள்ளே இருப்பவர் சிபாரிசு செய்யவேண்டும். பிறகு ரகசிய ஓட்டு. பெட்டியில் வெள்ளை உருண்டை விழுந்தால் சரி. கருப்பு உருண்டை விழுந்தால் ஆசாமி அவ்வளவுதான், வெளியே!

கடவுள் நம்பிக்கை கட்டாயம். எந்தக் கடவுள் என்று கேட்பதில்லை. கண்ணைக் கட்டி உள்ளே அழைத்துப் போய், வேதப் புத்தகத்தின் மேல் சத்தியம் வாங்குவார்கள். அதற்குப் பிறகு எல்லாரும் சகோதரர்கள். மதச் சண்டை, அரசியல் பேச்சு இரண்டுக்கும் உள்ளே இடமில்லை.

திருச்சியில் சேர்ந்தார்

1775-ம் ஆண்டுவாக்கில் உம்தத்-உல்-உமரா இந்தச் சங்கத்தில் சேர்ந்தது திருச்சியில். சேர்த்துவைத்தவர் டெரன்ஸ் காகன் என்ற டாக்டர்.

ராஜா வீட்டுப் பிள்ளைக்கு இது எதற்கு? வீட்டில் நிலைமை அப்படி. அப்பாவுக்கு இளைய மகன் அமீர்-உல்-உமரா மேல்தான் பிரியம். பட்டத்தை அவருக்கே கொடுத்துவிடலாமா என்ற யோசனை. கஜானாவோ காலி. வெள்ளைக்காரர்களிடம் வாங்கிய கடன் கழுத்துவரை. நாட்டுக் காவல் கம்பெனிப் பட்டாளத்தின் கையில். இந்த நிலையில் வெள்ளைக்காரர் நாலு பேரின் சிநேகிதம் வேண்டும் என்று மூத்தவர் நினைத்திருந்தால் அதில் தப்பென்ன?

ஆனால் வெறும் காரியத்துக்காகச் சேர்ந்தவர் என்று தள்ளிவிடவும் முடியாது. நவாப் மகன் சேர்ந்த சேதி லண்டனுக்குப் போனதும் தலைமைச் சபைக்கு ஒரே சந்தோஷம். அலங்கார ஏப்ரன் ஒன்று, அருமையாக பைண்டு செய்த சங்க விதிப் புத்தகம் ஒன்று, கூடவே வாழ்த்துக் கடிதம். இவற்றைக் கொண்டுசேர்க்கும் பொறுப்பை ஏற்றவர் வங்காளத்தின் அட்வகேட் ஜெனரல் சர் ஜான் டே.

இளவரசர் பாரசீக மொழியில் பதில் எழுதினார். தன்னிடம் உள்ள பட்டங்களில் இங்கிலீஷ் மேசன் என்பது மிகப் பெருமையானவற்றுள் ஒன்று என்பது அதன் சாரம். கடிதத்தைத் தங்கச் சரிகைத் துணியில் பொதிந்து அனுப்பினார். 1780-ல் அது லண்டன் போய்ச் சேர்ந்தது. அதன் மொழிபெயர்ப்பை சட்டம் போட்டு சபைக் கூடத்தில் மாட்ட உத்தரவு ஆயிற்று. கம்பெனிக்கு எழுதிய எந்தக் கடிதத்துக்கும் நவாப் குடும்பத்துக்கு இப்படி ஒரு மரியாதை கிடைத்ததாகத் தோன்றவில்லை.

நவாப் ஆனார்

தம்பி 1788-ல் இறந்துபோனார். 1795-ல் அப்பாவும் காலமாக, உம்தத்-உல்-உமரா சேப்பாக்கம் அரண்மனையில் நவாப் ஆனார்.

உடனே வந்தது தொல்லை. திருநெல்வேலிச் சீமையைக் கொடு, கோட்டைகளைக் கொடு என்று கவர்னர் ஹோபர்ட் நெருக்கினார். நவாப் அசைந்து கொடுக்கவில்லை. வெள்ளைக்காரர்களுக்குச் சகோதரர் ஆனதால் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார் என்று யாரும் இவரைச் சொல்ல முடியாது.

1799 மே 4-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. திப்பு சுல்தான் வீழ்ந்தார். அரண்மனையில் கிடைத்த கடிதக் கட்டுகளைக் கம்பெனிக்காரர்கள் புரட்டினார்கள். அப்பாவும் மகனும் திப்புவோடு ரகசியத் தொடர்பு வைத்திருந்தார்கள் என்று குற்றச்சாட்டு கிளம்பியது. அந்த ஆதாரம் கோர்ட்டு படி ஏறியிருந்தால் நிற்காது என்று பின்னால் வெள்ளைக்கார சரித்திர ஆசிரியர்களே எழுதினார்கள். ஆனால் விசாரணை எங்கே நடந்தது? நவாபைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.

மூச்சு அடங்கும் முன்பே

1801 ஜூலையில் நவாப் படுத்த படுக்கை. உயிர் இருக்கும்போதே கம்பெனிப் பட்டாளம் அரண்மனை வாசலில் வந்து நின்றது. ஜூலை 15-ல் உயிர் பிரிந்தது.

அன்றைக்கே பேரம்! மகன் அலி உசேனிடம், நாட்டு நிர்வாகத்தை எழுதிக் கொடு, பட்டமும் படியும் தருகிறோம் என்றார்கள். பையன் மறுத்துவிட்டான். அப்பா பிள்ளைதான்!

கம்பெனி சளைக்கவில்லை. அமீர்-உல்-உமராவின் மகன் அசீம்-உத்-தவுலாவைப் பிடித்தது. ஜூலை 31-ல் அவர் கையெழுத்துப் போட்டார். நிகர வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு அவருக்கு, நாடு முழுக்க கம்பெனிக்கு. அடுத்த வருஷமே அலி உசேன் இறந்துபோனான்.

அந்த ஒரு கையெழுத்தில் சிதம்பரமும் விருத்தாசலமும் திண்டிவனமும் கம்பெனி கைக்குப் போயின. தென்னாற்காடு ஜில்லா பிறந்தது. கடலூர் அதன் தலைநகர் ஆயிற்று. மஞ்சக்குப்பத்தில் கலெக்டர் கச்சேரி வந்தது.