முதலாம் இராஜராஜ சோழன்

முதலாம் இராஜராஜ சோழன் (ஆட்சிக்காலம்: கி.பி. 985–1014) சோழப் பேரரசின் புகழ்பெற்ற மன்னர்களுள் ஒருவன். சுந்தர சோழனுக்கும் வானவன் மாதேவிக்கும் மகனாகப் பிறந்த இவனது இயற்பெயர் அருள்மொழிவர்மன். உத்தம சோழனுக்குப் பின்னர் இவன் அரியணை ஏறினான்.

நிலப் பிரிவுகள்

இவன் காலத்துக்கு முன்பே ஊர்கள் பல சேர்ந்து நாடு என்னும் பிரிவாக இயங்கின. இவை அரசன் வகுத்தவை அல்ல, வேளாண் குடியிருப்புகள் பெருகியதால் தோன்றியவை என ஆய்வாளர் கருதுவர். கி.பி. 1000ஐ ஒட்டி இராஜராஜன் நிலங்களை அளக்கச் செய்து, விளைநிலங்களுக்கு வரி விதித்தான். வேலியின் மிகச் சிறிய பின்னங்களும் கணக்கில் கொள்ளப்பட்டன.

நாடுகளுக்கு மேலாக வளநாடு என்னும் புதிய பிரிவை இவன் ஏற்படுத்தினான். ஆறுகள் இவற்றுக்கு எல்லைகளாயின. அரிசிலாற்றுக்கும் காவிரிக்கும் இடைப்பட்ட பகுதி உய்யக்கொண்டார் வளநாடு எனப்பட்டது. அருள்மொழிதேவ வளநாடு, நித்தவினோத வளநாடு முதலியனவும் மன்னனின் பெயர்களையே தாங்கின. வளநாடுகளுக்கு மேல் மண்டலங்கள் அமைந்தன. தொண்டை மண்டலம் செயங்கொண்ட சோழ மண்டலம் ஆயிற்று. ஈழத்தில் வென்ற பகுதி மும்முடிச்சோழ மண்டலம் எனப் பெயர் பெற்றது.

கி.பி. 1010இல் தஞ்சைப் பெரிய கோயிலை நிறைவு செய்த இவன் 1014இல் மறைந்தான். முதலாம் குலோத்துங்கன் 1086இல் மீண்டும் நிலம் அளந்தான். பின்வந்தோர் காலத்தில் வளநாடுகள் சிலவற்றின் பெயர்கள் மாறின; பழைய நாட்டுப் பெயர்கள் பெரும்பாலும் நிலைத்தன.