ஏற்காட்டுப் பள்ளிகளும் அண்ணலின் வரிக் கணக்கும்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறுவோர் காபித் தோட்டங்களையும் பெயர்பெற்ற தனியார் உறைவிடப் பள்ளிகளையும் காண்பர். அதே சேர்வராயன் மலையின் சிற்றூர்களில் மலையாளிப் பழங்குடியினரின் பிள்ளைகளும் தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளும் அரசுப் பள்ளிகளையே நம்பியுள்ளனர். ஒவ்வோர் ஊரும் தன் சொத்து வரியைக் கொண்டே தன் பள்ளியை நடத்த வேண்டும் என்று விதித்தால், குடிசைகளின் வீட்டு வரியில் ஓர் ஆசிரியரின் ஊதியமும் தேறாது. அமெரிக்காவின் பல பகுதிகளில் பள்ளிகள் இன்றும் உள்ளூர்ச் சொத்து வரியைப் பெரிதும் சார்ந்துள்ளன. செல்வர் வாழும் இடத்தில் வளமான பள்ளி, வறியோர் வாழும் இடத்தில் வறிய பள்ளி என்பதே அதன் விளைவு. பள்ளிக்கான பணம் யாரிடமிருந்து வரவேண்டும், அதை யார் ஆளவேண்டும் என்னும் கேள்வியோடு அண்ணல் அம்பேத்கரின் வாழ்வை நாம் மீண்டும் படிக்க வேண்டியுள்ளது.

1891-இல் மௌவில் பிறந்த அவர், சதாராவில் அரசுப் பள்ளியில் பயின்றார். வீட்டிலிருந்து கொண்டுசென்ற சாக்கில் தனியே அமர்ந்தார். பிறர் ஊற்றினாலன்றித் தண்ணீர் அருந்த இயலவில்லை. அரசுப் பணத்தில் நடந்த பள்ளியும் சாதியின் பிடியில் இருந்தது. 1912-இல் பம்பாயில் பட்டம் பெற்றார். 1913-இல் பரோடா மன்னரின் உதவித்தொகை அவரைக் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியது. ஒரு மன்னரின் கொடை ஒருவரை உயர்த்தலாம். ஒரு சமூகம் முழுமையும் கற்க அரசின் கருவூலம் திறக்க வேண்டும்.

அக்கருவூலத்தின் இயக்கத்தையே அவர் ஆய்வுப் பொருளாக்கினார். பிரித்தானிய இந்தியாவின் மாகாண நிதி வளர்ச்சி குறித்த அவரது நூல் 1925-இல் வெளிவந்தது. 1927-இல் பம்பாய்ச் சட்ட மேலவையில் உறுப்பினராக அமர்ந்தபோது அந்தக் கல்வி ஆயுதமாயிற்று. வருமான வரி ஈட்டுவோரின் தகுதிக்கேற்ப உயர்கிறது. நிலவரியோ விளைச்சல் பொய்த்த சிறு உழவரையும் விடுவதில்லை என்று அவர் கண்டித்தார். மாகாணம் கல்விக்குத் தலைக்கு 14 அணா மட்டுமே செலவிட்டு, மதுவின் மீதான கலால் வரியாகத் தலைக்கு 2 ரூபாய்க்கும் மேல் பெறுவதைச் சுட்டிக்காட்டினார். மக்களிடமிருந்து கலாலாக எடுக்கும் அளவுக்கேனும் அவர்களின் கல்விக்குத் திருப்பித் தருவதே முறை என்பது அவர் வாதம். தொடக்கக் கல்வியை உள்ளாட்சி வாரியங்களிடம் ஒப்படைத்த ஏற்பாட்டையும் அவர் எதிர்த்தார். உள்ளூர் ஆதிக்கத்தின் கையில் பள்ளி சிக்கினால் தீண்டப்படாதோரின் பிள்ளைகளுக்கு என்ன நேரும் என்பதைச் சதாரா அவருக்கு முன்பே கற்பித்திருந்தது.

வருவாய்க்கு வேறு வழியில்லை என்பது ஆட்சியாளர் வழக்கமாகச் சொல்லும் மறுமொழி. அதைப் பொய்ப்பிக்கும் சான்று இம்மலை அடங்கிய சேலம் மாவட்டத்திலேயே உண்டு. 1937 அக்டோபர் 1 அன்று சென்னை மாகாணத்தின் மதுவிலக்கு இங்குதான் தொடங்கியது. இழந்த கலால் வருவாயை ஈடுசெய்ய இராஜாஜி அரசு 1939-இல் விற்பனை வரிச் சட்டம் கொண்டுவந்தது. அரசு மனம் வைத்தால் ஒரு வரியின் இடத்தில் மற்றொன்றை வைக்க இரண்டே ஆண்டுகள் போதுமாயின.

வைசிராய் நிர்வாக அவையில் உறுப்பினராக இருந்தபோது, பட்டியல் சாதி மாணவரின் உயர்கல்விக்கு ஒன்றிய நிதியிலிருந்து உதவித்தொகை கிடைக்க அண்ணல் வழிசெய்தார். 1945-இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். அவர் தலைமையிலான வரைவுக் குழு உருவாக்கிய அரசமைப்பின் 45-ஆம் பிரிவு, 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வியைப் பத்தாண்டுகளுக்குள் வழங்க முயலுமாறு அரசைப் பணித்தது. அப்பத்தாண்டுகள் முடியுமுன், 1956 டிசம்பர் 6 அன்று அவர் மறைந்தார்.

இன்று தமிழ்நாட்டு நகரங்களில் சொத்து வரியோடு கல்வி வரியும் வசூலாகிறது. ஆயினும் அரசுப் பள்ளி ஆசிரியரின் ஊதியம் மாநிலக் கருவூலத்திலிருந்தே வருகிறது. மலைச் சிற்றூரின் பள்ளி உயிரோடிருப்பது இதனால்தான். 2024-25-இல் ஒன்றிய அரசு தமிழ்நாட்டுக்குரிய 2,152 கோடி ரூபாய்க் கல்வி நிதியை நிறுத்தி வைத்தபோது, அந்த உயிர் மேலிருந்தும் நெரிக்கப்படலாம் எனக் கண்டோம். ஊரின் செல்வத்துக்கோ, மேலிருப்போரின் விருப்பத்துக்கோ கட்டுப்படாத பள்ளி நிதியே நமக்குத் தேவை. மதுவின் மூலம் எளியோரிடமிருந்து அரசு திரட்டுவது எவ்வளவு, அவர்தம் பிள்ளைகளின் கல்விக்குத் தருவது எவ்வளவு என்று ஒவ்வொரு நிதிநிலை அறிக்கையின்போதும் நாம் கேட்போம். அண்ணல் நமக்கு விட்டுச்சென்ற கணக்கு அது.